ஆறு பிள்ளை போனால் ஒரு மிஸ் போச்சு

டிசம்பர் பிறந்தாலே பெங்களூரில் நம்ம ஆட்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் ஒரே பேச்சுதான். "பிள்ளைக்கு அட்மிஷன் போட்டாச்சா?" கோயில் பிரகாரத்தில், அபார்ட்மென்ட் லிஃப்டில், ஓசூர் ரோடு டிராஃபிக்கில் ஆபீஸ் வண்டி நிற்கும்போது, எங்கேயும் இதே கேள்விதான். கேட்கிறவருக்கு வயசு முப்பத்திரண்டு. யாரைப் பற்றிப் பேச்சோ அவருக்கு வயசு இரண்டே முக்கால். இன்னும் டயப்பர் முழுசா விடலை.

இந்தப் பேச்சுகளை நாலு வருஷமா காதுல வாங்கிக்கிட்டு இருக்கேன். ஏசி இருக்கா, கேமரா இருக்கா, ஆன்லைன்ல பிள்ளையைப் பார்க்கலாமா, யூனிஃபார்ம் என்ன கலர், ஸ்கேட்டிங் உண்டா, "ஃபோனிக்ஸ்" சொல்லித் தர்றாங்களா, எல்லாம் கேட்பாங்க. கேட்கவே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. என் பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கப் போற அந்த மிஸ் யாரு, அவங்க கையில எத்தனை பிள்ளைங்க, அவங்களுக்கு என்ன சம்பளம், அடுத்த ஜூன்ல அவங்க இங்க இருப்பாங்களா?

இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் கோபமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க. எங்க லேஅவுட்ல பதினோரு வருஷமா நடக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடம் வர்ற ஜூன்ல திறக்குமா திறக்காதான்னு தெரியலை. அதை மூடப் போறது அரசாங்கமோ கார்ப்பரேட்டோ மட்டும் இல்லை. நம்ம ஆட்களும்தான்.

முதல்ல கணக்கு

நான் ஆடிட் ஆபீஸ்ல குப்பை கொட்டுறவ. எனக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை கணக்கு. அந்த மேடம் பெற்றோர் கூட்டத்துல தன் நோட்டுப் புத்தகத்தையே திறந்து வெச்சுட்டாங்க. அதை முழு ரூபாயாக்கி இங்க போடறேன்.

பிள்ளைங்க 40. ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000, வருஷத்துக்குப் பத்து மாசம். ஆக வரவு 16,00,000. ஆஹா, பதினாறு லட்சமான்னு வாயைப் பிளக்க வேண்டாம். செலவு பாருங்க. தரைத்தள வீட்டு வாடகை மாசம் 40,000, பன்னிரண்டு மாசத்துக்கு 4,80,000. மூணு மிஸ், ஆளுக்கு 18,000, பன்னிரண்டு மாசம், 6,48,000. ரெண்டு ஆயாம்மா, ஆளுக்கு 11,000, அதுவும் பன்னிரண்டு மாசம், 2,64,000. கரன்ட், தண்ணி லாரி, சார்ட் பேப்பர், கிரேயான், உடைஞ்ச சறுக்குமரத்தை ஒட்டுறது எல்லாம் சேர்த்து 1,20,000. மொத்தம் 15,12,000.

மிச்சம் 88,000. வருஷத்துக்கு! மாசத்துக்கு 7,300 சொச்சம். நாலாவது வகுப்பை எடுக்கறதும், ஃபோன் எடுக்கறதும், ஆயாம்மா லீவு போட்டா துடைப்பம் எடுக்கறதும் அந்த மேடம்தான். அதுக்குக் கிடைக்கிற கூலி இது. என் வீட்டுல சமைக்க வர்ற அக்காவுக்கு ரெண்டு வேளைக்கு நான் இதைவிட அதிகமா குடுக்கறேன்.

இதுல ஒரு மிஸ்ஸோட வருஷச் சம்பளம் 2,16,000. ஒரு பிள்ளையோட வருஷ ஃபீஸ் 40,000. வகுத்துப் பார்த்தா 5.4. பிள்ளையைப் பின்னமா வெட்ட முடியாது, ஆறுன்னு வெச்சுக்குவோம். ஆறு பிள்ளை போனா ஒரு மிஸ் போயாகணும். சின்னப் பள்ளிக்கூடத்தோட மொத்த ரகசியமும் இந்த ஒரே வரிதான். ஆயிரம் பிள்ளை படிக்கிற பள்ளியில ஆறு பேர் போனா வருகைப் பதிவேட்டுல கூடத் தெரியாது. இங்க ஒரு ஆளோட வேலையே போகுது. அந்த மிஸ் போனதும் எல்கேஜியையும் யூகேஜியையும் ஒரே ரூம்ல அடைப்பாங்க. அடைச்சதைப் பார்த்து இன்னும் நாலு பேர் "கூட்டமா இருக்கு"ன்னு பிள்ளையை எடுப்பாங்க. அப்புறம் அடுத்த மிஸ். சீட்டுக்கட்டு வீடு சரியற மாதிரிதான்.

மூணு மிஸ்ல ஒருத்தரைக் குறைச்சுக்கிட்டு, மேடம் தனக்குன்னு ஒரு பைசா எடுக்காம நடத்தினாக்கூட 33 பிள்ளைங்க வேணும். இன்னிக்குத் தேதிக்கு வர்ற வருஷத்துக்குப் பேர் குடுத்திருக்கிறது 24. இவ்வளவுதான் விஷயம்.

எங்கே போகுது பிள்ளைங்க?

பிறப்பு குறையுதுன்னு ஒரு காரணம் சொல்வாங்க. உண்மைதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல கர்நாடகாவுல ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.7 பிள்ளை, நம்ம தமிழ்நாட்டுல 1.8. மக்கள்தொகை அப்படியே நிற்கறதுக்கே 2.1 வேணும். ஆனா எங்க லேஅவுட்டுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. சாயங்காலம் பார்க்குல ஊஞ்சலுக்கு வரிசை நிக்குது. பிள்ளைங்க இருக்காங்க. நாமதான் வேற இடத்துல கொண்டு போய் விடறோம்.

ரெண்டாவது, வயசு விதி. ஒண்ணாம் வகுப்புக்கு 6 வயசு நிறைஞ்சிருக்கணும்னு கர்நாடக அரசு 2022-ல உத்தரவு போட்டது. 2025-26-ல இருந்து அமல்னு சொன்னாங்க. அப்புறம் 2025 ஏப்ரல்ல, அட்மிஷன் எல்லாம் பாதி முடிஞ்ச பிறகு, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் 5 வயசு 5 மாசம் போதும்னு தளர்த்தினாங்க. 6 வயசுங்கறது சரியான விதி, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா பிள்ளை யூகேஜியை இன்னொரு வருஷம் படிக்குமா படிக்காதான்னே தெரியாம ஒரு சின்னப் பள்ளி எத்தனை மிஸ்ஸுக்கு வேலை உறுதி சொல்ல முடியும்? பெரிய பள்ளி சமாளிச்சுக்கும். நாற்பது பிள்ளை இருக்கிற இடத்துல அஞ்சு பேர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கறது ஒரு மிஸ்ஸோட சம்பளம்.

மூணாவதுதான் நிஜமான காரணம். பயம். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இருக்கிற பெரிய பள்ளிங்க நர்சரியில இருந்தே ஆள் எடுக்கறாங்க. "ஒண்ணாங் கிளாஸ்ல சீட்டு இருக்காது, இப்பவே சேர்த்துடுங்க"ன்னு ஒரு மிரட்டல். நம்ம ஆட்களுக்கு இது போதும். ஊர்ல இருந்து இவ்வளவு தூரம் வந்து, சொந்த பந்தம் யாரும் இல்லாத ஊர்ல, பிள்ளைக்குச் சீட்டு இல்லாம நின்னுட்டா என்ன பண்றதுங்கற பயம் எனக்குப் புரியுது. பயம் நியாயம். அதுக்கு நாம பண்ற காரியம்தான் நியாயம் இல்லை. மூணே கால் வயசுப் பிள்ளையை, வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல தெரிஞ்ச மிஸ்கிட்ட இருந்து பிச்செடுத்து, ஒண்ணரை மணி நேரம் பஸ்ல ஏத்தி விடறோம். அதுவும் ஆகஸ்ட்லயோ நவம்பர்லயோ ஒரு எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பிட்டு. "ஹாய் மேம், வீ ஆர் ஷிஃப்டிங்." முடிஞ்சது. அந்த நடு வருஷத்துல அந்த இடத்துக்கு யாரு வருவா?

தேசியக் கல்விக் கொள்கை 2020 மூணு வயசுல இருந்து எட்டு வயசு வரைக்கும் ஒரே அடித்தளக் கட்டம்னு வகுத்தது. மூணு வருஷம் முன்பருவம், அப்புறம் ஒண்ணு, ரெண்டாம் வகுப்பு. அந்த முன்பருவம் அங்கன்வாடியிலயும் நடக்கலாம், தொடக்கப் பள்ளியோட சேர்ந்தும் நடக்கலாம், தனியா நிக்கிற சின்னப் பள்ளியிலயும் நடக்கலாம்னு அதே கொள்கை சொல்லுது. பெரிய பள்ளிக்காரங்க முதல் பாதியை மட்டும் நோட்டீஸ்ல அச்சடிச்சு வெச்சிருக்காங்க. கொள்கையே மூணு வயசுலன்னு சொல்லிடுச்சு, உடனே வந்து சேருங்கன்னு.

சட்டம் என்ன பண்ணுது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்தது, 2010 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறை. அது 6-ல இருந்து 14 வயசு வரைக்கும். மூணு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைங்களுக்கு அரசு இலவச முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம்னு 11-ஆம் பிரிவு சொல்லுது. "செய்யலாம்" மக்களே, "செய்யணும்" இல்லை. ஒரு எழுத்து வித்தியாசத்துல மூணு வருஷம் காணாம போச்சு.

2013-ல வந்த தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை இன்னும் தெளிவா பேசுது. மூணுல இருந்து ஆறு வயசுக்கு 20 பிள்ளைக்கு ஒரு பெரியவர். மூணுக்குக் கீழ 10 பிள்ளைக்கு ஒரு பெரியவர். பேச்சு மொழி வீட்டு மொழியா இருக்கணும்னும் சொல்லுது. ரொம்ப நல்ல கொள்கை. ஆனா கொள்கையை மீறினா யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க.

சரி, அந்த 20 பிள்ளைக்கு ஒருத்தரா நிக்கிறவங்களுக்கு என்ன பாதுகாப்பு? பி.எஃப். கேட்டா, 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் அது கட்டாயம். பணிக்கொடை கேட்டா, 10 பேரோ அதுக்கு மேலயோ இருக்கணும். பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டுன்னு 2009-ல சட்டத்தைத் திருத்தி, 1997-ல இருந்தே பொருந்தும்னு வெச்சாங்க. தனியார் பள்ளிங்க வழக்குக்குப் போய், 2022 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லுச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டுன்னு தீர்ப்பு வந்தது. அந்தத் திட்டம் தொடங்கினது 1975 அக்டோபர் 2. நாற்பத்தாறு வருஷம் கழிச்சு இந்த உரிமை! அவங்களுக்கு மத்திய அரசு குடுக்கிற மதிப்பூதியத்தை 2018 அக்டோபர்ல உயர்த்தினாங்க. எவ்வளவா? ஊழியருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250. மாநிலம் தன் பங்கா ஏதோ சேர்க்கும். "ஊழியம்"னுகூடச் சொல்ல மாட்டாங்க, "மதிப்பு" ஊதியம்தான்.

இப்ப எங்க மேடம் பள்ளியை எடுத்துக்குங்க. மூணு மிஸ், ரெண்டு ஆயாம்மா, ஆக அஞ்சு பேர். 20-லயும் சேர மாட்டாங்க, 10-லயும் சேர மாட்டாங்க. பத்து வருஷம் நம்ம பிள்ளைங்க மூக்கைத் துடைச்சுட்டு வெளிய போகும்போது ஒரு பூங்கொத்தும் ஒரு குரூப் போட்டோவும்தான். அந்த மிஸ்ஸுக்கு இருக்கிற ஒரே பி.எஃப்., ஒரே இன்ஷூரன்ஸ், அடுத்த வருஷமும் 40 பிள்ளை வந்து சேர்றதுதான். அதைத்தான் நாம எஸ்எம்எஸ்ல ரத்து பண்றோம்.

2020 மார்ச்சுல கோவிடுக்காகப் பள்ளிங்க மூடினப்ப, முதல்ல மூடி கடைசியா திறந்தது இந்தச் சின்னப் பிள்ளைங்க பள்ளிதான். ஒண்ணரை வருஷத்துக்கு மேல. அந்த நாள்ல எங்க ஏரியாவுல இருந்த மூணு சின்னப் பள்ளியில ரெண்டு திரும்பத் திறக்கவே இல்லை. ஒரு இடத்துல இப்ப பிரியாணிக் கடை. இன்னொண்ணு பைக் சர்வீஸ். மிஞ்சி நிக்கிறது இது ஒண்ணுதான்.

"சின்னப் பள்ளின்னா தரம் இருக்காதே?"

நல்ல கேள்வி. சின்னது எல்லாம் புனிதம்னு நான் சொல்ல வரலை. மிஸ்ஸோட ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி பீரோவுல பூட்டி வெச்சுக்கிற சின்னப் பள்ளியும் உண்டு. ஏப்ரல், மே சம்பளத்தை முழுங்குற பள்ளியும் உண்டு. அதெல்லாம் மூடினா எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது.

ஆனா தரம்னு நாம எதைச் சொல்றோம்? சங்கிலிப் பள்ளி ஒண்ணைப் போய்ப் பார்த்தேன், தோழி கூப்பிட்டாங்கன்னு. பேர் வேண்டாம். ஃபீஸ் நம்ம மேடம் பள்ளியைப் போல மூணு மடங்கு. உள்ள போனா சுவர் எல்லாம் கார்ட்டூன், தரை எல்லாம் ரப்பர். வகுப்புல இருந்த பெண்ணுக்கு இருபத்தொண்ணு, இருபத்திரண்டு வயசு இருக்கும், சேர்ந்து அஞ்சு வாரம். அதுக்கு முன்னாடி இருந்தவங்க நாலு மாசம் இருந்தாங்களாம். சம்பளம் என்னன்னு மெதுவா கேட்டேன். 14,000. மேடம் குடுக்கிறதைவிட நாலாயிரம் கம்மி! அப்ப அந்த மூணு மடங்கு ஃபீஸ் எங்க போகுது? பெயர்ப் பலகைக்காரருக்கு ராயல்டி, மெயின் ரோடு வாடகை, கேமரா, விளம்பரம். பிள்ளையோட கையைப் பிடிக்கிற கைக்கு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் வடிஞ்சு போச்சு.

கேமரான்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுல நாம என்ன பார்க்கறோம்? ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டே ஃபோன்ல எட்டிப் பார்த்தா பிள்ளை அழறது தெரியும். தூக்கறதுக்கு ஆள் இல்லைங்கறதும் தெரியும். கேமரா தூக்காது.

நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டுல தமிழ், வெளியில கன்னடம், பள்ளியில இங்கிலீஷ். என் மக சேர்ந்த ரெண்டாவது வாரம், "நோவுது நோவுது"ன்னு மூலையில உட்கார்ந்துட்டா. நாங்க குடியாத்தம் பக்கம், எங்க வீட்டுல வலிக்குதுன்னு சொல்ல மாட்டோம், நோவுதுன்னுதான். ஆயாம்மா கோலார்க்காரங்க. "ஹொட்டெ நோவா மகு?"ன்னு கேட்டுத் தூக்கி, வயித்தைத் தடவி, ஓமத் தண்ணி குடுத்து, எனக்கு ஃபோன் பண்ணாங்க. "ஆயாம்மாவுக்கு இங்கிலீஷ் வராது"ன்னு ஒரு அப்பா குறைப்பட்டுக்கிட்டார். இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச இடத்துல என் மகளுக்கு அன்னிக்கு வயிறே இல்லை சார்!

2013 கொள்கையில வீட்டு மொழின்னு எழுதின நிபுணர்களுக்குத் தெரிஞ்ச விஷயம், கோலார் ஆயாம்மாவுக்குக் கொள்கை படிக்காமலே தெரிஞ்சிருக்கு. அப்படிப்பட்ட ஆள் ஒரே இடத்துல எட்டு வருஷம் இருந்தா அதுக்குப் பேர்தான் தரம்.

மாண்டிசோரி அம்மா சொல்ற பாடம்

இன்னிக்குத் தெருவுக்கு ரெண்டு "மாண்டிசோரி" பலகை இருக்கு. அந்தப் பேரை யார் வேணா எழுதி மாட்டிக்கலாம். மரியா மாண்டிசோரி 1939-ல நம்ம அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க, போர்க் காலத்துல கொடைக்கானல்லயும் இருந்தாங்கங்கறது பல பேருக்குத் தெரியும். அவங்க முதல் பள்ளி எங்க தொடங்குச்சுன்னு தெரியுமா? 1907-ல, ரோம் நகரத்துல, சான் லொரென்ஸோங்கற ஏழைத் தொழிலாளர் பகுதியில, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல. அப்பா அம்மா வேலைக்குப் போயிட, தனியா விடப்பட்ட பிள்ளைங்க படிக்கட்டுலயும் சுவர்லயும் அழிச்சாட்டியம் பண்ணிட்டு இருந்தாங்க. சுவருக்கு வெள்ளை அடிச்சு மாளலைன்னு கட்டடக்காரங்களே கீழ ஒரு அறையை ஒதுக்கிக் குடுத்தாங்க. பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்ட ஆசிரியையும் அதே கட்டடத்துல குடியிருந்தவங்க.

பெற்றோர் ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, பாட்டி தாத்தா ஊர்ல, பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லை. நம்ம கதைதானே இது? நம்ம அபார்ட்மென்ட்ல கிளப் ஹவுஸ்னு ஒண்ணு கட்டி வெச்சிருக்கோம். வார நாள்ல காலையில அங்க ஏசி ஓடாத டிரெட்மில் நாலும் ஒரு செக்யூரிட்டியும்தான் இருக்காங்க. எங்க மேடத்துக்கு வருஷம் 4,80,000 வாடகை. அந்த வாடகை பாதியானா மிச்சமாகிற 2,40,000-ல ஒரு மிஸ் முழுசா பிழைச்சுக்குவாங்க. அசோசியேஷன் கூட்டத்துல இதைச் சொன்னேன். "கமர்ஷியல் ஆக்டிவிட்டி" ஆகாதாம். அதே கிளப் ஹவுஸ்ல மாசம் ரெண்டு தடவை புடவை விற்பனை நடக்குது. அது சமூக சேவை போல :-)

என்ன பண்ணலாம்?

புலம்பிட்டுப் போறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்கறது நாலே நாலு.

ஒண்ணு. எந்தப் பள்ளிக்குப் போனாலும் மூணு கேள்வி கேளுங்க. என் பிள்ளை இருக்கிற ரூம்ல ஒரு பெரியவருக்கு எத்தனை பிள்ளை? இந்த மிஸ் எத்தனை வருஷமா இங்க இருக்காங்க? மே மாசம் அவங்களுக்குச் சம்பளம் உண்டா? மூணாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினா வெளிய வந்துடுங்க. உங்க பிள்ளையோட மிஸ் ஜூன்ல இருக்க மாட்டாங்க.

ரெண்டு. போறதா இருந்தா ஒரு டேர்ம் முன்னாடி சொல்லுங்க, அல்லது அந்த டேர்ம் ஃபீஸைக் கட்டிட்டுப் போங்க. உங்க கம்பெனியில மூணு மாச நோட்டீஸ் கேட்டா வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறீங்கதானே? அதுல ஒரு பங்கு மரியாதை மிஸ்ஸுக்கும் குடுங்க.

மூணு. ஒண்ணாம் வகுப்பு சீட்டுப் பயத்தைக் கூட்டா எதிர்கொள்ளுங்க. நாலு குடும்பம் சேர்ந்து ரெண்டு மூணு பள்ளிக்கு நேரா போய், ஒண்ணாங் கிளாஸ்ல வெளியில இருந்து வர்றவங்களுக்கு எத்தனை இடம்னு கேட்டா பதில் வரும். எங்க மேடம் பள்ளியில இருந்து போன வருஷம் ஒண்ணாம் வகுப்புக்குப் போன பதினோரு பிள்ளைங்களுக்கும் இடம் கிடைச்சது. தெருவுல யாரும் நிக்கலை.

நாலு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற ஆபீஸ்ல குழந்தைக் காப்பகம் இருக்கணும்னு 2017-ல மகப்பேறு சட்டத்தைத் திருத்தினப்பவே சேர்த்தாச்சு. உங்க எச்.ஆர். கிட்ட எங்க அந்தக் காப்பகம்னு கேளுங்க. தனியா கட்ட இடம் இல்லைன்னா பக்கத்துல நடக்கிற நல்ல சின்னப் பள்ளியோட ஒப்பந்தம் போடச் சொல்லுங்க. ஒரு ஆபீஸ் பத்து பிள்ளை அனுப்பினா ரெண்டு மிஸ்ஸுக்குச் சம்பளம் கிட்டத்தட்ட வந்துடும். கணக்கு மேலயே போட்டிருக்கேன்.

"நம்ம பிள்ளை எதிர்காலம்னு வரும்போது மத்தவங்க சம்பளத்தை எல்லாம் யோசிக்க முடியுமா?"ன்னு ரங்கமணியோட நண்பர் ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சுக்கிட்டே கேட்டார். மூணு வயசுப் பிள்ளைக்கு எதிர்காலம்னா எது சார்? நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அழுதுட்டே போகும்போது வாசல்ல யார் நிக்கறாங்கங்கறதுதான். போன வாரம் நின்ன அதே முகம் நிக்கணும். அந்த முகத்துக்கு மாசச் சம்பளம் வரணும். ரெண்டும் வேற வேற விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை.

இன்னும் ஒன்பது பிள்ளைங்க வேணும். மார்ச் முடியறதுக்குள்ள. எங்க லேஅவுட் ஆட்கள் இதைப் படிச்சா, எந்தப் பள்ளின்னு உங்களுக்கே தெரியும். காலையில பத்து மணிக்கு மேல போங்க, அப்பதான் மேடம் பேசறதுக்கு ஃப்ரீயா இருப்பாங்க. கதவுல காலிங் பெல் வேலை செய்யாது, தட்டணும்.

டிஸ்கி: எனக்கும் அந்தப் பள்ளிக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. என் மக போன ஜூன்லயே ஒண்ணாங் கிளாஸ் போயிட்டா. "அப்புறம் உனக்கு என்ன வந்துச்சு?"ன்னு கேட்கிறவங்க கட்டுரையை மறுபடி முதல்ல இருந்து படிக்கவும்.